நர்சரிப் பைனுக்கு முதல் தொட்டி மாற்றம்

நர்சரியிலிருந்து ஒரு பைன் மரத்தை வாங்கி வந்தவுடன் கை கத்தரிக்கோலைத் தேடும். கிளையை நறுக்கி, வளைத்து நிறுத்தக் கம்பி சுற்றி, அன்றைக்கே அதற்குப் போன்சாய் முகம் கொடுத்துவிடத் தோன்றும். புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: முதலில் வேரைப் பாருங்கள். கிளையில் இந்த ஆண்டு செய்யாததை அடுத்த ஆண்டு செய்துகொள்ளலாம். வேர் அப்படிக் காத்திருக்காது. பிளாஸ்டிக் தொட்டியின் சுவரில் முட்டிச் சுற்றத் தொடங்கிய வேர் ஆண்டுக்கு ஆண்டு தடித்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கடைசியில் அடிமரத்தையே நெரிக்கும். விரல் பருமனுக்கு வந்துவிட்டால் அதை வளைக்கவும் முடியாது, தயங்காமல் வெட்டவும் முடியாது.

இங்கே சொல்வதெல்லாம் ஜப்பானியக் கறுப்புப் பைனை மனதில் வைத்து. ஊசியிலைகள் இரண்டிரண்டாக இருக்கும், குளிர்கால மொட்டு வெள்ளையாகத் தெரியும், வயதாக ஆக மரப்பட்டை பாளம் பாளமாக வெடிக்கும். ஜப்பானின் கடற்கரைகளில் உப்புக்காற்றைத் தாங்கி மணலிலும் பாறையிலும் வளரும் மரம் இது. ஷிகோகு தீவில் தகமாட்சு நகரத்தின் கினாஷி, கொகுபுன்ஜி பகுதிகளில்தான் ஜப்பானின் பைன் போன்சாய்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு உருவாகிறது. அங்கே இளம் மரங்களை நீர் சட்டென்று வடியும் நிலத்தில் வரிசையாக நட்டு வளர்க்கிறார்கள். போன்சாய்த் தொட்டியைப் பார்ப்பதற்கு முன்பே அந்த மரங்களின் வேர் திருத்தப்பட்டிருக்கும். நமக்கு நர்சரியில் கிடைக்கும் மரத்துக்கு அந்தப் பராமரிப்பு கிடைத்திருக்காது. அதை நாம் செய்கிறோம், அவ்வளவுதான்.

உங்கள் ஊரில் முகோ பைனோ ஸ்காட்ஸ் பைனோ கிடைத்தால் முறை பெரிதாக மாறாது. கையை மட்டும் இன்னும் நிதானமாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஊசி கொண்ட வெள்ளைப் பைன் மெதுவாக வளர்வது. பெரும்பாலும் கறுப்புப் பைன் அடிமரத்தில் ஒட்டுக் கட்டியிருப்பார்கள், முதல் மரமாக அதை எடுக்க வேண்டாம். சென்னை, மதுரை போன்ற சமவெளி ஊர்களில் இருப்பவர்கள் பைனை விட்டுவிட்டு ஆல், அத்தி வகைகளில் தொடங்குவதே நல்லது. குளிர்காலத்தில் சில வாரமாவது ஓய்வு கிடைக்காத பைன் வெகுநாள் தெம்பாக இருப்பதில்லை.

எந்த மரத்தை எடுப்பது

உச்சியைப் பார்த்து மயங்காமல் கீழிருந்து பாருங்கள். அடிமரத்துக்குப் பக்கத்திலேயே, தாழ்வாக, பச்சை ஊசியோடு கிளை இருக்கிறதா? ஊசி இல்லாத பழைய கட்டையிலிருந்து பைன் எளிதில் துளிர்க்காது. கீழே கிளை இல்லாத மரத்தில் பிறகு வரும் என்று நம்பி வாங்கக் கூடாது. அப்புறம் விரலை மேல்மண்ணுக்குள் விட்டுத் தடவிப் பாருங்கள். நர்சரித் தொட்டிகளில் அடிமரம் விரிந்து வேராகப் பிரியும் இடம் பெரும்பாலும் சில சென்டிமீட்டர் ஆழத்தில் புதைந்திருக்கும். நாலாபக்கமும் வேர் பிரிவது விரலுக்குத் தட்டுப்பட்டால் அது நல்ல மரம். ஒரே பக்கம் தடித்த வேர், மறுபக்கம் வெறுமை என்றால் வேறொன்றைப் பாருங்கள்.

ஊசி கரும்பச்சையாக, மொட்டு கெட்டியாக இருக்க வேண்டும். சோர்ந்த மரத்தைத் தள்ளுபடி விலையில் வாங்கி, உடனே வேரை வெட்டி, புதுமண் காப்பாற்றும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் நடப்பதில்லை. சோர்ந்த பைனுக்கு ஒரு முழுப் பருவம் வெயிலும் உரமும் அளவான தண்ணீரும் கொடுத்துத் தேற்றிய பிறகே வேரைத் தொட வேண்டும்.

காலம்

குளிர்காலத்தின் முடிவில் மொட்டு உப்பத் தொடங்கும். அது நீண்டு மெழுகுவத்திபோல் நிமிர்ந்து நிற்கும் குருத்தாகி, அதிலிருந்து புது ஊசி பிரியும். உப்பத் தொடங்கியதற்கும் ஊசி பிரிவதற்கும் இடையில், கூடிய வரை முன்பகுதியில், இந்த வேலையை முடிக்க வேண்டும். அப்போது மரம் சேர்த்துவைத்த மாவுச்சத்து அடிமரத்திலும் வேரிலும் பழைய ஊசியிலும் நிறைந்திருக்கும். மண் சூடேற ஏற வேர் விழிக்கும். நீரை இழுத்து ஆவியாக்கும் மென்மையான புது ஊசி இன்னும் வந்திருக்காது. வெட்டுப்பட்ட வேருக்கு இதைவிடச் சாதகமான நேரம் இல்லை.

கலிபோர்னியக் கடற்கரையில் இது ஏறக்குறைய பிப்ரவரி, லண்டனில் மார்ச், டொரண்டோவில் ஏப்ரல், மெல்போர்னில் ஆகஸ்ட் கடைசி. நாட்காட்டியைவிட மொட்டையே நம்புங்கள். குருத்து நீண்டு ஊசி பிரிந்துவிட்டால், சரி, இந்த ஆண்டு போகட்டும் என்று விட்டுவிடலாம். ஒரு வருடத் தாமதம் போன்சாயில் பெரிய விஷயமே இல்லை.

மண்ணும் தொட்டியும்

நம்மவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் என்ற மாடித்தோட்டக் கலவை கத்தரிக்கும் ரோஜாவுக்கும் அருமையானது. ஆழமில்லாத தொட்டியில் நிற்கும் பைனுக்கு அது ஆகாது.

எந்த மண்ணிலும் தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு அடியில் ஓர் ஈர அடுக்கு தங்கும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது மண் துகளின் அளவு. தொட்டியின் ஆழத்துக்கு அதில் பங்கில்லை. துகள் பொடியாக இருந்தால் அடுக்கு உயரமாக நிற்கும், பருமனாக இருந்தால் தாழும். முப்பது சென்டிமீட்டர் ஆழமுள்ள நர்சரித் தொட்டியில் அடியில் ஐந்து சென்டிமீட்டர் ஈரம் தங்கினால் மரத்துக்குக் கவலையில்லை, மேலே மூச்சுவிட நிறைய இடம் இருக்கிறது. அதே மண்ணைப் பத்து சென்டிமீட்டர் தொட்டியில் போட்டால் பாதி வேர் எப்போதும் நீரில் நிற்கும். காற்றில்லாத வேர் அழுகும். அடியில் ஜல்லி பரப்பினால் தீருமா என்று கேட்பார்கள். தீராது. ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்காரும், அவ்வளவுதான்.

ஆகவே துகள் பருமனான மண் வேண்டும். போன்சாய்க்காரர்கள் அகடாமா, பியூமிஸ், லாவா கல் மூன்றையும் சம பங்காகக் கலப்பார்கள். அகடாமா ஜப்பானில் வெட்டி எடுக்கும், எரிமலைச் சாம்பலிலிருந்து உருவான களிமண் மணி. நீரையும் சத்தையும் பிடித்து வைக்கும். பியூமிஸ் என்னும் எரிமலைக் கல் நுரைபோன்ற துளைகளால் நீரும் காற்றும் சேர்த்துத் தாங்கும். லாவா கல் நொறுங்காமல் நின்று இடைவெளியைக் காக்கும். அகடாமா கிடைக்கவில்லையா, விலை கட்டுப்படியாகவில்லையா? பியூமிஸும் லாவாவும் மட்டுமே போதும். தண்ணீரும் உரமும் அடிக்கடி கொடுக்க வேண்டியிருக்கும்.

எதை வாங்கினாலும் சலிக்க வேண்டும். 3 முதல் 6 மில்லிமீட்டர் துகளை எடுத்துக்கொண்டு தூளைக் கொட்டிவிடுங்கள். சலிக்காத நல்ல மண்ணைவிடச் சலித்த சுமாரான மண் மேல் என்பேன், ஏனென்றால் அந்தத் தூள்தான் கீழே இறங்கி வடிகாலை அடைக்கிறது.

தொட்டிக்கு வருவோம். பளபளக்கும் போன்சாய்த் தொட்டியை இப்போது வாங்காதீர்கள். மரம் இன்னும் தடிக்க வேண்டியது. பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு அடித்த மரப்பெட்டியோ, காய்கறி கழுவும் ஓட்டைக் கூடையோ போதும். கூடை எனக்கு மிகவும் பிடித்தது. ஓட்டை வரை வந்த வேர்நுனி காற்றுப்பட்டுக் காய்ந்து நின்றுவிடும், அதற்குப் பின்னால் பக்கவேர்கள் கிளைக்கும். வேர் சுற்றிக்கொள்ளும் பேச்சே இல்லை. ஆழம் 10 முதல் 12 சென்டிமீட்டர், அகலம் திருத்திய வேரைவிட இரண்டு மூன்று விரல் கூடுதலாக இருக்கட்டும்.

வேலை நாள்

முந்தைய நாள் தண்ணீர் விடாதீர்கள். லேசான ஈரத்தில் பழைய மண் உதிரும். சொதசொதவென்று இருந்தால் வேரோடு ஒட்டிக்கொண்டு வரும். நிழலில், காற்றடிக்காத இடத்தில் உட்காருங்கள். கூரான கத்தரி, சிறு ரம்பம், ஒற்றை முனை வேர்க்கொக்கி, மூங்கில் குச்சி, நீர் தெளிப்பான், 2 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி, வடிதுளையை மூட பிளாஸ்டிக் வலை ஆகியவை பக்கத்தில் இருக்க வேண்டும்.

மரத்தைத் தொடுவதற்கு முன் புதுத் தொட்டியைத் தயாராக்கிவிடுங்கள். வலையைப் பொருத்துங்கள், இரண்டு கம்பிகளை அடியிலிருந்து மேலே கோத்து நான்கு முனையும் வெளியே தொங்க விடுங்கள், அடியில் கொஞ்சம் மண் போட்டு நடுவில் சிறு மேடு கட்டுங்கள். வேரைத் திறந்து வைத்துக்கொண்டு கம்பியைத் தேடும் நிலைமை வரக் கூடாது. திறந்த சல்லிவேர் சில நிமிடத்தில் காய்ந்துவிடும்.

சரி, மரத்தை எடுப்போம். தொட்டியின் சுவரைத் தட்டி, மரத்தைச் சாய்த்து, வேரைப் பற்றியிருக்கும் தாய்மண்ணோடு வெளியே எடுங்கள். வரவில்லையென்றால் தொட்டியைக் கத்தியால் கிழித்துவிடுங்கள், அடிமரத்தைப் பிடித்து இழுக்க வேண்டாம். வந்ததும் மேலிருந்து தொடங்குங்கள். மேல்மண்ணைக் குச்சியால் மெல்லக் கிளறி அகற்றிக்கொண்டே போனால் அடிமரம் விரியும் இடம் வெளிப்படும். ஜப்பானியர் நெபாரி என்று சொல்லும் இந்த வேரடிதான் பின்னாளில் மரத்துக்கு வயதும் நிலைப்பும் தரப் போவது. அதற்கு மேலே அடிமரத்திலிருந்து நேராகக் கிளம்பிய மெல்லிய வேர்கள் நாலைந்து இருந்தால் வெட்டிவிடலாம். மரம் அந்த மேல்வேர்களை நம்பியே நிற்கிறது என்று தெரிந்தால் பாதியை இப்போது எடுங்கள், மீதியை அடுத்த முறைக்கு வையுங்கள்.

அடுத்து அடிப்பக்கம். தாய்மண்ணின் கீழ் மூன்றில் ஒரு பங்கை ரம்பத்தால் நேராக அறுத்து எடுங்கள். புதியவர்களுக்கு நெஞ்சு படபடக்கும் இடம் இது. ஆனால் நர்சரித் தொட்டியின் அடியில் சுருண்டு கிடப்பது பெரும்பாலும் நீளமான வேர்களின் சிக்கல். மரத்துக்கு நெருக்கமான சல்லிவேர் மேலேதான் இருக்கும். அறுக்கும் முன் பக்கவாட்டில் ஓரிடத்தைக் கிளறி, மேல்பகுதியில் போதுமான சல்லிவேர் இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் குறைவாக அறுங்கள்.

இப்போது பக்கவாட்டு மண். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: பைனின் வேரை முழுதாகக் கழுவி வெறுமையாக்கக் கூடாது. மேப்பிள், எல்ம் போன்ற இலையுதிர் மரங்கள் அதைத் தாங்கிவிடும். பைன் தாங்காது. அதன் வேரோடு ஒரு பூஞ்சை கூடி வாழ்கிறது. வேர் நுனிகளைச் சுற்றி வெள்ளை நூலாகத் தெரியும், முகர்ந்தால் காளான் மணம் வரும். மண்ணிலுள்ள நீரையும் சத்தையும் பைனுக்கு எடுத்துக்கொடுப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. மரம் பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. பூஞ்சணம் என்று நினைத்து அதைக் கழுவித் தள்ளுபவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. அது மரத்தின் துணை, விட்டு வையுங்கள்.

அதனால் தாய்மண்ணை மேலிருந்து பார்த்து நடுவே ஒரு கோடு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கோட்டுக்கு ஒரு பக்கம் இன்று. மறுபக்கம் இரண்டு ஆண்டு கழித்து. இன்றைய பக்கத்தில் கொக்கியை அடிமரத்திலிருந்து வெளிநோக்கி இழுத்துப் பழைய மண்ணை உதிர்த்து, வேர்களை ஆரக்கால்களாக விரித்துவிடுங்கள். குறுக்கே இழுத்தால் வேர் கிழியும். நடுநடுவே தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். மறுபக்கத்தில் வெளிச்சுவரில் சுற்றிக் கிடக்கும் வேரை மட்டும் நறுக்கிவிட்டு உள்ளே கைவைக்காதீர்கள். அந்தப் பாதி இந்த ஆண்டு முழுக்க மரத்துக்குத் தண்ணீர் கொடுக்கப் போகிறது.

மண் அகற்றிய பக்கத்தில் எதை வெட்டுவது? நேராகக் கீழே இறங்கும் தடித்த வேரை, அதற்கு முன்னால் சல்லிவேர் கிளைக்கும் இடம் வரை குறைக்கலாம். அடிமரத்தைச் சுற்றி நெரிப்பது, இன்னொரு வேரின்மேல் குறுக்கே கிடப்பது இரண்டையும் எடுக்க வேண்டும். நுனியில் சல்லி இல்லாமல் நீளமாக ஓடும் வேரைப் பாதியாக்கலாம். சல்லிவேர் அடர்ந்த இடத்தில் கத்தரியைக் கீழே வைத்துவிடுங்கள். எல்லாம் கூட்டிப் பார்த்தால் மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கக் கூடாது. அடியில் அறுத்ததும் இந்தக் கணக்கில் சேரும். சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள், அடுத்த முறை வெட்டிக்கொள்ளலாம்.

பாதிப் பாதியாகச் செய்தால் நாலைந்து வருடம் போய்விடுமே என்று தோன்றலாம். வாஷிங்டனில் அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் ஒரு வெள்ளைப் பைன் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் பயிற்சியில் இருப்பது. 1945-இல் ஹிரோஷிமா குண்டுவெடிப்பைத் தாண்டியது. யமாகி குடும்பத்தின் கொடையாக 1976-இல் அமெரிக்கா வந்தது. தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருவர் சில ஆண்டுக்கு ஒருமுறை அதன் வேரைத் திறந்து, திருத்தி, மூடியிருக்கிறார். ஒருவர் அவசரப்பட்டிருந்தால்கூட அது நமக்குக் கிடைத்திருக்காது.

நடுவது

மேட்டின்மேல் மரத்தை வைத்து, லேசாக இடமும் வலமும் திருகி அழுத்துங்கள். அடியில் உள்ள இடைவெளிக்குள் மண் போகும். வேரடி தொட்டி விளிம்புக்குச் சற்று மேலே தெரியும் உயரத்தில் நிற்கட்டும். எந்தப் பக்கம் முகப்பு என்று இப்போதே முடிவுசெய்ய வேண்டியதில்லை.

அடுத்து கம்பி. இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள், ஆனால் புதுவேர் பிடிக்குமா பிடிக்காதா என்பது இதில்தான் இருக்கிறது. தொங்கவிட்ட முனைகளைத் தாய்மண்ணின் மேலாகக் கொண்டுவந்து, தொடாத பாதியின் கெட்டியான மண்ணை அழுத்திப் பிடிக்கும்படி முறுக்கிக் கட்டுங்கள். தடித்த வேர்மேல் கம்பி போகும் இடத்தில் சிறு ரப்பர் துண்டு வையுங்கள். அடிமரத்தைப் பிடித்து அசைத்தால் தொட்டியும் சேர்ந்து அசைய வேண்டும். மரம் மட்டும் ஆடினால், காற்றடிக்கும்போதெல்லாம் மெல்லிய புதுவேர் நுனிகள் முறியும்.

பிறகு சுற்றிலும் மண்ணைப் போட்டு மூங்கில் குச்சியால் வேர்களுக்கு நடுவே நிரப்புங்கள். குச்சியை ஒரே இடத்தில் வைத்துச் சிறிதாக ஆட்டினால் மண் தானே இறங்கும். குத்தினால் வேரும் போகும், துகளும் நொறுங்கும். மண் இறங்குவது நின்றதும் அடுத்த இடம். கடைசியாகப் பூவாளியால் மேலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள். முதலில் அடியில் கலங்கலாக வரும். தெளிவாக வரும் வரை ஊற்ற வேண்டும். மேலே நறுக்கிய ஸ்பேக்னம் பாசியை மெல்லியதாகத் தூவினால் மேல்மண்ணில் ஈரம் நிற்கும், அங்கேயும் வேர் பிடிக்கும். முக்கியமாக, எந்தப் பக்கம் மண் மாற்றினீர்கள் என்பதையும் தேதியையும் ஒரு அட்டையில் எழுதித் தொட்டியில் செருகுங்கள். இரண்டு ஆண்டு கழித்து நினைவில் இருக்காது.

அதற்குப் பிறகு

முதல் இரண்டு மூன்று வாரம் காற்றும் உறைபனியும் படாத இடம், காலை வெயில் மட்டும். பிறகு முழு வெயிலுக்கு நகர்த்துங்கள். பைனுக்கு நிழல் ஆகாது. இரவில் உறைநிலைக்குக் கீழே போகும் என்று தெரிந்தால் கொட்டகைக்குள்ளோ கராஜுக்குள்ளோ எடுத்து வையுங்கள். வீட்டுக்குள் வரவேற்பறையில் வைத்து வளர்க்கும் மரம் இது இல்லை.

புது மண்ணின் மேல்பரப்பு சட்டென்று காய்ந்துவிடும், ஆனால் தொடாத பாதியில் பழைய மண் ஈரமாகவே இருக்கும். அதனால் தண்ணீர் விடும் முன் இரண்டு பக்கமும் விரலால் தொட்டுப் பாருங்கள். பழைய பாதி நனைந்திருக்கும்போது புதுப் பாதிக்கு மட்டும் கொஞ்சம் ஊற்றலாம். பல மரங்கள் இந்த முதல் மாதத்தில் போவது காய்ந்து அல்ல, நனைந்து.

உரம் ஐந்தாறு வாரம் கழித்து, குருத்து நீண்டு மரம் பிடித்துவிட்டது தெரிந்த பிறகு. அதுவரை வேர் பிடித்ததா என்று மரத்தைத் தூக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு கிளையில் வெட்டு வேண்டாம், கோடையில் குருத்தைக் கிள்ளும் வேலையும் வேண்டாம். வேரை ஓட வைப்பது ஊசிகளில் உண்டாகும் உணவுதான், ஒரு கிளைகூட இப்போது உபரி இல்லை. இந்த ஆண்டு ஊசி வழக்கத்தைவிடக் குட்டையாக வந்தால் பயப்பட வேண்டாம். இலையுதிர் காலத்தில் உள்பக்கத்துப் பழைய ஊசிகள் மஞ்சளாகி உதிர்வதும் இயல்பு. நுனியில் இருக்கும் இவ்வாண்டு ஊசி பழுத்தால்தான் வேரில் சிக்கல். பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகியிருக்கும்.

அடுத்த ஆண்டு நுனிகளில் தடித்த குருத்து வந்தால் அந்த இலையுதிர் காலத்தில் முதல் கம்பி சுற்றலாம். அதற்கு அடுத்த வசந்தத்தில் அட்டையைப் பார்த்து மறுபாதியைத் திறங்கள். முதலில் திருத்திய பக்கத்தில் அப்போது சல்லிவேர் அடர்ந்திருக்கும். அதைத் தொடாமல், பழைய நர்சரி மண் மீதமிருக்கும் பக்கத்தில் மட்டும் கொக்கியை வையுங்கள்.